"அம்மா, நீ எப்போ முடிவு பண்ணே?" – மதம் வீட்டிலிருந்து வருவதா, நாமே எடுப்பதா?

#1 பெரம்பூர்க்காரி · சனி, இரவு 9:40

வணக்கம். என் மகளுக்குப் பன்னிரண்டு வயது. வரும் ஜூனில் ஏழாம் வகுப்புக்குப் பள்ளி மாற்றுகிறோம். சேர்க்கைப் படிவத்தை இந்த முறை அவளே நிரப்பட்டும் என்று பேனாவைக் கொடுத்துவிட்டுச் சமையலறைக்குப் போய்விட்டேன். வந்து பார்த்தால் பெயர், பிறந்த தேதி, இரத்த வகை எல்லாம் அழகாக எழுதியிருக்கிறாள். 'மதம்' என்ற கட்டம் மட்டும் காலி.

நான் கத்தோலிக்கக் குடும்பம். பெரம்பூர் லூர்து மாதா கோயில் மணிச்சத்தம் கேட்கிற தெருவில் பிறந்தேன். கணவர் வில்லிவாக்கம், சைவக் குடும்பம். பதிவு அலுவலகத்தில் சிறப்புத் திருமணச் சட்டப்படி கல்யாணம் செய்துகொண்டோம். இருவரும் மதம் மாறவில்லை, மாறச் சொல்லி ஒருவரை ஒருவர் கேட்கவும் இல்லை. மகள் ஞாயிறு சில நேரம் என்னோடு பூசைக்கு வருவாள். பிரதோஷத்துக்கு அவள் ஆயாவோடு அகத்தீஸ்வரர் கோயிலுக்குப் போவாள். இரண்டு இடத்திலும் அவளுக்குத் தெரிந்த முகங்கள் உண்டு.

"ஏன் விட்டே?" என்று கேட்டேன். "எனக்குத் தெரியலையே" என்றாள். சரி, அது பரவாயில்லை. அடுத்ததாக அவள் கேட்டதுதான் மூன்று நாளாக என்னைத் தூங்க விடவில்லை. "அம்மா, நீ எப்போ முடிவு பண்ணே?"

எனக்குப் பிறந்த இருபதாம் நாள் ஞானஸ்நானம். எட்டு வயதில் புதுநன்மை, அதாவது முதல்முறை நற்கருணை வாங்குவது. பிறகு உறுதிபூசுதல். நம் சார்பில் ஞானத்தாய், ஞானத்தந்தை சொன்ன வாக்கை நாமே நம் வாயால் உறுதிப்படுத்துகிற சடங்கு அது என்று சொல்லித் தந்தார்கள். ஆனால் அன்று வகுப்பிலிருந்த நாற்பது பிள்ளைகளில் ஒருவர்கூட "வேண்டாம்" என்று சொல்லவில்லை. சொல்லலாம் என்பதே எங்களுக்குத் தோன்றவில்லை. அதை முடிவு என்று எப்படிச் சொல்வேன்?

எனக்கு நம்பிக்கை இருக்கிறது. அதில் சந்தேகமில்லை. அது என்னுடையதா, என் அப்பா கொடுத்ததா என்றுதான் தெரியவில்லை. உங்கள் வீடுகளில் எப்படி என்று தெரிந்துகொள்ள ஆசைப்படுகிறேன். மகளுக்கு ஒரு நேர்மையான பதில் சொல்ல வேண்டும்.

#2 எண்ணூர் லைன் · சனி, இரவு 10:15

சகோதரி, இதில் முடிவு என்று ஒன்று நடப்பதே அபூர்வம். பியூ ஆய்வு நிறுவனம் 2019 கடைசியிலும் 2020 தொடக்கத்திலும் இந்தியா முழுக்க ஏறத்தாழ 30,000 பேரிடம் கேட்டது. எந்த மதத்தில் வளர்ந்தார்களோ அதே மதத்தில்தான் இன்றும் இருப்பதாக 98 சதவீதம் பேர் சொன்னார்கள். அமெரிக்காவில் அதே நிறுவனம் 2023–24இல் கேட்டபோது 35 சதவீதம் பேர் சிறுவயது மதத்தை விட்டு நகர்ந்திருந்தார்கள். அங்கே வேண்டுமானால் தேர்வு என்று பேசலாம். இங்கே வீட்டு முகவரி மாதிரிதான் மதமும் வருகிறது. மகளிடம் "யாரும் முடிவு பண்றதில்லம்மா" என்று சொல்லிவிடுங்கள். அதுதான் உண்மை.

#3 தமிழாசிரியை (ஓய்வு) · ஞாயிறு, காலை 6:20

தம்பி எண்ணூர் லைன், அந்தக் கணக்கெடுப்பில் கேட்டது பெயரை. நம்பிக்கையை அப்படி எண்ண முடியாது. என் தெருவில் 'இந்து' என்று எழுதுகிற நான்கு வீடுகளில் ஒருவர் தினமும் தேவாரம் ஓதுகிறார், ஒருவர் ஆண்டுக்கு ஒருமுறை வேளாங்கண்ணிக்கு நடக்கிறார், ஒருவர் மேல்மருவத்தூருக்கு மாலை போடுகிறார், இன்னொருவர் எதுவும் செய்வதில்லை. நால்வருமே அந்த 98க்குள் அடங்கிவிடுவார்கள்.

பெரம்பூர் மகளே, உன் பெண் கேட்ட கேள்வி நம் ஊரில் புதிதில்லை. மணிமேகலையை நாற்பது வருடம் வகுப்பில் நடத்தியிருக்கிறேன். வஞ்சி நகரத்தில் சமயக்கணக்கர்களைப் பார்க்கிற பகுதிக்கு வரும்போதெல்லாம் எனக்கு உடம்பு சிலிர்க்கும். அளவைவாதி, சைவவாதி, வைணவவாதி, வேதவாதி, ஆசீவகன், நிகண்டவாதி, சாங்கியன், வைசேடிகன் என்று ஒவ்வொருவரிடமும் போய் "உன் கொள்கை என்ன, சொல்" என்று கேட்கிறாள். கண்ணால் கண்டதே உண்மை என்கிற பூதவாதியிடம், "உன் தாய் தந்தை யார் என்பதை ஊகித்து அறிவதைத் தவிர வேறெப்படி அறிந்தாய்?" என்ற பொருளில் மடக்குகிறாள். நம்பிக்கையைப் பற்றிய வாதத்தில் பெற்றோர் வந்து நிற்கிறார்கள், பாருங்கள்.

இதைவிட எனக்கு முக்கியமானது வேறொன்று. இத்தனை பேரைக் கேட்டுவிட்டுக் காஞ்சிக்குப் போய், அறவண அடிகளிடம் பௌத்த தருமத்தைக் கேட்டு ஏற்கிறாள். அதே அடிகளிடம்தான் அவள் தாய் மாதவி ஏற்கெனவே அறம் கேட்டிருந்தாள். ஊரெல்லாம் சுற்றிவிட்டு அம்மா நின்ற இடத்துக்கே வந்து சேர்கிறாள். இது வாரிசாக வந்ததா, தேர்ந்தெடுத்ததா? வகுப்பில் ஒவ்வொரு வருடமும் பிள்ளைகள் இரண்டு கட்சியாகப் பிரிந்துவிடுவார்கள். நான் எந்தக் கட்சிக்கும் மதிப்பெண் குறைத்ததில்லை.

அப்பரையும் நினைத்துப் பார்க்கலாம். சைவக் குடும்பத்தில் பிறந்து, சமணத்தில் சேர்ந்து தருமசேனராகி, சூலை நோயோடு திருவதிகைக்குத் திரும்பி வந்தவர். திரும்பக் கூட்டி வந்தது அக்கா திலகவதியார். ஆனால் அக்கா கூப்பிட்டார் என்பதற்காக மட்டும் ஒருவர் அத்தனை பதிகங்கள் பாட முடியாது.

#4 இரண்டு குலதெய்வம் · ஞாயிறு, காலை 8:05

டீச்சர், மணிமேகலை அந்தச் சமயக்கணக்கர்களைப் பார்க்க எந்த உருவத்தில் போனாள் என்பதையும் சொல்லுங்கள். "இளம்பெண் என்று உனக்கு யாரும் ஒழுங்காகச் சொல்ல மாட்டார்கள்" என்று எச்சரிக்கப்பட்டு, ஆண் துறவி வடிவம் எடுத்துக்கொண்டுதானே போனாள்? பள்ளியில் படித்தபோதே அது எனக்குள் தைத்தது.

'குடும்பத்திலிருந்து வருவது' என்கிறோமே, பெண்ணுக்கு அது எந்தக் குடும்பம்? எங்களுக்குத் திருநெல்வேலிப் பக்கம். பங்குனி உத்திரத்துக்குச் சாஸ்தா கோயிலுக்கு வண்டி கட்டிக்கொண்டு போய், அங்கேயே பொங்கி, மரத்தடியில் படுத்துத் தூங்கி வளர்ந்தவள் நான். இருபத்து நாலு வயதில் கல்யாணம். அன்றிலிருந்து என் குலதெய்வம் மேல்மலையனூர் அங்காளம்மன். என் கூடப்பிறந்தவனுக்குச் சாஸ்தா இன்றும் குலதெய்வம். எனக்கு 'பொறந்த வீட்டுச் சாமி'. அந்தக் கோயிலுக்கு வரி கொடுப்பதில் என் பெயர் கிடையாது. என் மகனுக்கு முதல் மொட்டை எங்கே என்று யாரும் என்னிடம் கேட்கவில்லை, கேட்க வேண்டும் என்று எனக்கும் அன்று தோன்றவில்லை.

அங்காளம்மனைக் குறைத்துச் சொல்லவில்லை. பதினாறு வருடத்தில் அவளும் எனக்குத் தாய்தான். ஆனால் ஒரு தெய்வத்திடமிருந்து எடுத்து இன்னொரு தெய்வத்திடம் என்னைக் கொடுத்தார்கள். இதில் வாரிசும் இல்லை, தேர்வும் இல்லை.

ஒன்றே ஒன்றுதான் நானாகச் செய்தது. மயிலாப்பூருக்குக் குடிவந்த புதிதில் ஒரு வெள்ளிக்கிழமை முண்டகக்கண்ணியம்மன் கோயிலுக்குள் சும்மா நுழைந்தேன். இரண்டு வீட்டுக்கும் அந்தக் கோயிலோடு சம்பந்தமில்லை. அன்றிலிருந்து ஒரு வெள்ளியும் விட்டதில்லை. குலதெய்வம் என்றும் இஷ்ட தெய்வம் என்றும் நம்மிடம் இரண்டு சொல் தனித்தனியாக இருக்கிறது. வந்ததையும் எடுத்ததையும் பிரித்துப் பெயர் வைத்தவர்கள் நம் ஆட்கள். உங்கள் மகளுக்கு இந்த இரண்டு சொல்லையும் சொல்லிக் கொடுங்கள் சகோதரி.

#5 மண்ணடி வாசி · ஞாயிறு, காலை 11:30

அஸ்ஸலாமு அலைக்கும், எல்லோருக்கும் வணக்கம். எங்களுக்குக் கீழக்கரை பூர்வீகம், வாப்பா காலத்திலேயே மண்ணடிக்கு வந்துவிட்டோம்.

நான் பிறந்ததும் என் காதில் பாங்கு சொன்னார்கள். பெயர் வைப்பதற்கு முன்பே அது உள்ளே போய்விட்டது. ஆறு வயதில் ஓதப் போனேன். அங்கே உஸ்தாது ஒரு ஹதீஸ், அதாவது நபிமொழி, சொல்லித் தந்தார். ஒவ்வொரு குழந்தையும் இயற்கையான நிலையில்தான் பிறக்கிறது, பெற்றோர்தான் அதை யூதராகவோ கிறிஸ்தவராகவோ நெருப்பை வணங்குகிறவராகவோ ஆக்குகிறார்கள் என்பது அதன் கருத்து. அந்த இயற்கை நிலை இஸ்லாம்தான் என்பது எங்கள் விளக்கம். ஆனால் பதினைந்து வயதில் எனக்கு வேறு மாதிரி உறைத்தது. பெற்றோர் கைதான் இத்தனை பெரிய வேலையைச் செய்கிறது என்றால், என் வீட்டில் மட்டும் அந்தக் கை வேலை செய்யவில்லையா? உஸ்தாதிடம் கேட்டேன். அவர் கோபப்படவில்லை. "இந்தக் கேள்வியைத் தொலைச்சிடாதே, பெரியவனானதும் எடுத்துப் பாரு" என்றார்.

முப்பத்தொரு வயதில் எடுத்துப் பார்த்தேன். அதுவரை ஐந்து வேளையும் தொழுதுகொண்டுதான் இருந்தேன். ஓதுகிற அரபுச் சொற்களில் பாதிக்கு அர்த்தம் தெரியாது. ஒரு ரமலான் முழுக்கத் தமிழ் மொழிபெயர்ப்பை வைத்துக்கொண்டு முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை படித்தேன். சில இடங்களில் அழுதேன். சில இடங்களோடு இன்றும் மல்லுக்கு நிற்கிறேன். ஆனால் அந்த நோன்புப் பெருநாள் காலையில் பள்ளிவாசலில் நின்றபோது, இது வாப்பாவுக்காக நிற்கிற நிற்பு இல்லை என்று எனக்குத் தெளிவாகத் தெரிந்தது.

அதே மொழிபெயர்ப்பை என் தம்பியும் படித்தான். ஒரே வீடு, ஒரே உஸ்தாது, ஒரே புத்தகம். அவன் தொழுகையை விட்டுவிட்டான். இன்றும் பெருநாளுக்கு என் வீட்டில்தான் சாப்பாடு. எங்களுக்குள் அதைப் பற்றிச் சண்டை இல்லை, வருத்தம் உண்டு, என் பக்கம். எல்லாம் குடும்பம்தான் என்று எண்ணூர் லைன் சொல்வதை என்னால் ஏற்க முடியாததற்கு என் தம்பிதான் காரணம்.

#6 விலங்கியல் · ஞாயிறு, மதியம் 2:10

கல்லூரியில் விலங்கியல் நடத்துகிறேன். ஒரு தகவல் மட்டும். மின்னசோட்டாவில் இரட்டையர்களை வைத்து நடந்த ஆய்வு ஒன்று 2005இல் வெளிவந்தது. எந்த அளவுக்குப் பக்தி இருக்கிறது என்பதில் வளரும் வயதில் வீட்டுச் சூழலின் பங்கு 56 சதவீதம், மரபணுவின் பங்கு 12. வளர்ந்து பெரியவர்களானதும் வீட்டின் பங்கு 18ஆகக் குறைகிறது, மரபணுவின் பங்கு 44ஆக ஏறுகிறது. அமெரிக்க ஆண்கள் தங்கள் சிறுவயதை நினைவிலிருந்து சொன்னதை வைத்துச் செய்த கணக்கு என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும். எந்தச் சாமி என்பதை மரபணு சொல்வதில்லை. மண்ணடி அண்ணன் வீட்டுக் கதை இதற்குப் பொருந்துகிற மாதிரி இருக்கிறது. கூடப்பிறந்தவர்களுக்குள்ளும் மரபணு பாதிதான் ஒத்துப்போகும்.

#7 மண்ணடி வாசி · ஞாயிறு, மதியம் 2:40

தம்பி, என் தம்பியை மரபணுவில் அடக்க வேண்டாம். அவன் ரொம்ப யோசித்தவன்.

#8 கறுப்புச் சட்டை வீட்டுப் பெண் · ஞாயிறு, மாலை 5:55

இதுவரை பேசிய எல்லோருக்கும் வீட்டில் ஒரு சாமி இருந்திருக்கிறது. எங்கள் வீட்டில் இல்லை.

அப்பா பெரியார் தொண்டர். அப்பா அம்மாவுக்குச் சுயமரியாதைத் திருமணம், தாலி கிடையாது. அந்தத் திருமணங்கள் செல்லும் என்று அண்ணா ஆட்சியில் 1967இல் நிறைவேறிய சட்டத்தை அப்பா தேதியோடு சொல்வார், எங்கள் வீட்டுப் புராணமே அதுதான். திருநீறு நெற்றியில் படாமல் வளர்ந்தேன். மார்கழியில் பக்கத்து வீட்டு ஒலிபெருக்கி, ஆடியில் தெருமுனையில் கூழ், எல்லாவற்றையும் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். கூழ் வாங்கிக் குடிக்க மட்டும் அனுமதி உண்டு. "சாப்பாடு சாப்பாடுதான்" என்பார்.

கல்லூரி இரண்டாம் வருடம் தோழியோடு வடபழநி முருகன் கோயிலுக்குப் போனேன். அவளுக்குத் துணைக்குத்தான். அந்தக் கூட்டத்தில், வேர்வையில், பின்னாலிருந்து ஒரு பாட்டி என் தோளைப் பிடித்துக்கொண்டு "முருகா" என்று கூப்பிட்டார். அந்தக் குரல் என்னை என்ன செய்தது என்று இன்றுவரை என்னால் விளக்க முடியவில்லை. அடுத்த வாரம் தனியாகப் போனேன். இன்று சஷ்டி விரதம் இருக்கிறேன்.

அப்பாவிடம் சொல்ல எட்டு மாதம் ஆனது. அவர் திட்டவில்லை. "உன்னை யோசிக்கத்தானேம்மா வளர்த்தேன்" என்றார். "யோசிச்சுத்தான்பா" என்றேன். அதற்கு மேல் இருவராலும் பேச முடியவில்லை. அப்பாவின் அப்பா, காவடி எடுத்தவர். அவரை மீறித்தான் அப்பா கறுப்புச் சட்டை போட்டார். தான் எடுத்துக்கொண்ட உரிமையைத் தன் மகளுக்குக் கொடுப்பது அவருக்கு எவ்வளவு கடினமாக இருந்தது என்பதைப் பக்கத்திலிருந்து பார்த்தேன். ஆனாலும் கொடுத்தார். கிருத்திகை அன்று கூட்டம் அதிகம் என்று அவரே பைக்கில் கொண்டுவந்து விடுவார். நான் வெளியே வரும்வரை எதிரே டீக்கடையில் நிற்பார். உள்ளே வந்ததில்லை. நானும் கூப்பிட்டதில்லை.

என் மனதில் இருப்பது இதுதான். இறைமறுப்பும் எங்கள் வீட்டில் வாரிசாகத்தான் வந்தது. என் அண்ணன் அதை எடுத்துக்கொண்டான், ஒரு புத்தகம்கூடப் படிக்காமல். நான் படித்துவிட்டு வெளியே வந்தேன். எங்களில் அப்பாவுக்கு உண்மையான வாரிசு யார் என்று எனக்கு அடிக்கடி தோன்றும்.

#9 எண்ணூர் லைன் · ஞாயிறு, மாலை 6:30

அப்படியானால் பதினெட்டு வயது வரை எந்தக் குழந்தைக்கும் எதையும் சொல்லாமல் விடுவதுதானே நேர்மை? ஓட்டுப் போட வயது வைத்திருக்கிறோம், கல்யாணத்துக்கு வைத்திருக்கிறோம். இதற்கு மட்டும் இருபதாம் நாளா?

#10 தமிழாசிரியை (ஓய்வு) · ஞாயிறு, இரவு 7:45

பதினெட்டு வரை பேசாமலிருந்து, பிறகு எந்த மொழி வேண்டும் என்று கேட்பீர்களா?

#11 கறுப்புச் சட்டை வீட்டுப் பெண் · ஞாயிறு, இரவு 8:00

டீச்சர், உங்களிடம் படித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும், ஆனால் இதில் ஒத்துக்கொள்ள மாட்டேன். இன்னொரு மொழி கற்றுக்கொள்ள முதல் மொழியை விடத் தேவையில்லை. தமிழ் பேசுகிறவன் தெலுங்கு கற்றான் என்று எந்த வீட்டிலும் அம்மா மூன்று நாள் சாப்பிடாமல் படுத்ததில்லை. மதத்தில் அது நடக்கிறது.

#12 தமிழாசிரியை (ஓய்வு) · ஞாயிறு, இரவு 8:20

நியாயம்தான் அம்மா. அந்த உவமையைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன்.

#13 ராயப்பேட்டை சாக்கியன் · திங்கள், காலை 7:10

இரண்டு நாளாகப் படித்துக்கொண்டிருக்கிறேன். எழுதலாமா வேண்டாமா என்றிருந்தது. எழுதிவிடுகிறேன்.

என் பாட்டி கிராமத்துக் கோயிலுக்கு வெளியே, தேர் நிற்கிற இடத்துக்கும் அப்பால் நின்று கும்பிட்டவர். உள்ளே இருக்கிற சாமியின் முகம் அவருக்குத் தெரியாது. பட்டணத்துக்கு வந்து வீட்டு வேலை செய்த காலத்தில்தான் முதல்முறை ஒரு கருவறைக்கு எதிரே நின்று பார்த்தாராம். "இவ்ளோ சின்னதா இருக்காரே" என்று அழுததாக அம்மா சொல்வார். குடும்பத்திலிருந்து எனக்கு வந்தது அந்த வெளியே நிற்றல்தான். எந்த நம்பிக்கையை வாரிசாக எடுத்துக்கொள்ளச் சொல்கிறீர்கள் என்னை?

இருபத்தேழு வயதில் பௌத்தம் ஏற்றேன். அம்பேத்கர் 1935இல் இயோலாவில் இந்துவாகப் பிறந்தேன், இந்துவாகச் சாக மாட்டேன் என்று அறிவித்தார். நாக்பூரில் தீட்சை பெற்றது 1956 அக்டோபர் 14. இடையில் இருபத்தோரு ஆண்டுகள். அவ்வளவு காலம் எடுத்து, அத்தனை மதங்களையும் புரட்டிப் பார்த்து எடுத்த முடிவு அது. 'முடிவு பண்றது' என்றால் எனக்கு அதுதான் அளவுகோல்.

ஆனால் சென்னையில் அதற்கு முன்னாலேயே ஒருவர் இந்தக் கேள்வியை வேறு விதமாகப் புரட்டிப் போட்டார். அயோத்திதாசப் பண்டிதர். 1898இல் இந்த ஊரில் சாக்கிய பௌத்த சங்கம் கண்டார். 1907இல் ராயப்பேட்டையிலிருந்து 'ஒரு பைசாத் தமிழன்' என்ற வார இதழைத் தொடங்கினார். கோலார் தங்கவயல் வரை கிளைகள் பரவின. அவர் சொன்னது புது மதத்துக்கு வாருங்கள் என்று இல்லை. நீங்கள் பூர்வ பௌத்தர்கள், உங்கள் முன்னோர் வைத்திருந்ததைப் பறிகொடுத்தீர்கள், திரும்ப எடுங்கள் என்றார். தேர்ந்தெடுப்பதையே வாரிசுரிமையாக ஆக்கினார். ஒன்றுமில்லாதவர்கள் என்று சொல்லி வைக்கப்பட்டவர்களுக்கு ஒரு பூர்வீகம் கொடுத்தார். அந்த வரலாற்றை எல்லா ஆய்வாளர்களும் அப்படியே ஏற்பதில்லை, தெரியும். ஆனாலும் எனக்கு அது என் பாட்டி நின்ற இடத்திலிருந்து ஓர் அடி முன்னே வைக்க இடம் கொடுத்தது.

தேர்வு என்று எல்லோரும் லேசாகச் சொல்கிறோம். 1950 குடியரசுத் தலைவர் ஆணைப்படி பட்டியல் சாதி என்ற தகுதி முதலில் இந்துக்களுக்கு மட்டும். 1956இல் சீக்கியரைச் சேர்த்தார்கள், பௌத்தரைச் சேர்க்க 1990 வரை ஆனது. கிறிஸ்தவத்துக்கோ இஸ்லாத்துக்கோ போனவர்களுக்கு இன்றும் இல்லை. கோயிலுக்குள் விடாத சாதி மட்டும் மதம் மாறினாலும் கூடவே வருகிறது. கல்லறைத் தோட்டத்திலும் சுவர் எழுப்புகிறார்கள். அதற்கு ஈடாகக் கிடைத்த சலுகை மட்டும் போய்விடுகிறது. சிலருக்கு நம்பிக்கையை மாற்றுவது மனசு சம்பந்தப்பட்டது. எங்களுக்குப் பிள்ளையின் கல்லூரி இடமும் அதில் இருக்கிறது.

#14 பாரிமுனை வக்கீல் · திங்கள், இரவு 9:15

தோழர் சாக்கியன் சொன்னதையொட்டி, சட்டம் இந்தக் கேள்விக்கு இரண்டு பதில் வைத்திருக்கிறது என்பதைச் சொல்ல வேண்டும்.

ஒரு பக்கம் அரசமைப்புச் சட்டத்தின் 25ஆவது பிரிவு. மனச்சாட்சிச் சுதந்திரம், மதத்தைப் பின்பற்ற, பரப்ப உரிமை. 2018இல் கேரளப் பெண் ஒருவரின் மதமாற்றம், திருமணம் பற்றிய வழக்கில், வயது வந்தவருக்குத் தன் நம்பிக்கையைத் தேர்ந்துகொள்வது ஆளுமையின் அடிப்படை என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. அவர் தந்தை எதிர்த்த வழக்கு அது. இன்னும் பின்னால் போனால் 1850ஆம் ஆண்டின் 21ஆவது சட்டம். மதம் மாறினாலும் சாதியை இழந்தாலும் குடும்பச் சொத்தில் உரிமை போகாது என்றது. எதிர்த்து மனுப் போட்டவர்களில் சென்னைவாசிகளும் உண்டு. சொத்தும் நம்பிக்கையும் ஒரே பெட்டியில் வைத்துக் கொடுக்கப்படுவது என்ற எண்ணம் அவ்வளவு ஆழம்.

இன்னொரு பக்கம், சான்றிதழ் என்று வந்ததும் அதே சட்டம் வேர் தேடுகிறது. 2024 நவம்பரில் புதுச்சேரிப் பெண் ஒருவரின் வழக்கு. தான் இந்து என்று சொல்லிப் பட்டியல் சாதிச் சான்றிதழ் கேட்டார். கைக்குழந்தையாக இருந்தபோது தரப்பட்ட ஞானஸ்நானத்தையும், தொடர்ந்து தேவாலயம் போனதையும் எடுத்துக்காட்டி நீதிமன்றம் மறுத்துவிட்டது. நம்பிக்கை இல்லாமல் சலுகைக்காக மட்டும் மாறுவது அரசமைப்பின் மீதான மோசடி என்றது. தீர்ப்பின் தர்க்கம் எனக்குப் புரிகிறது. ஆனால் கைக்குழந்தையின் தலையில் ஊற்றிய தண்ணீர் முப்பது வருடம் கழித்துச் சாட்சியாக வந்து நிற்பது எனக்கு நெருடுகிறது.

சரி, பெரம்பூர் அம்மாவின் படிவத்துக்கு வருகிறேன். கட்டத்தைக் காலியாக விடலாம். விருப்பமில்லாத பெற்றோர் சாதி, மதம் குறிப்பிடத் தேவையில்லை என்று தமிழக அரசு 1973இலும் பிறகு 2000இலும் ஆணை பிறப்பித்திருக்கிறது. பல பள்ளி அலுவலகங்களுக்கு இது தெரியாது, ஆணையின் நகலைக் கையோடு கொண்டு போங்கள். சாதி மதம் இல்லை என்று தனிச் சான்றிதழே வாங்க நினைப்பவர்கள் விஷயம் வேறு. 2025 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம் அதற்கு வழிசெய்யச் சொல்லியிருக்கிறது. ஆனால் இடஒதுக்கீடு பற்றி யோசிக்காமல் அந்தப் பக்கம் போகாதீர்கள். பள்ளிப் படிவத்தில் காலியாக விடுவதும் அந்தச் சான்றிதழ் வாங்குவதும் ஒன்றில்லை.

#15 இரண்டு குலதெய்வம் · திங்கள், இரவு 10:00

சாக்கியன் அண்ணா, உங்கள் பாட்டி சொன்ன "இவ்ளோ சின்னதா இருக்காரே" என்னை உலுக்கிவிட்டது. நான் இரண்டு சாமிக்கு நடுவில் கைமாற்றப்பட்டேன் என்று புலம்பினேன். எனக்கு இரண்டு கோயிலிலும் உள்ளே நிற்க இடம் இருந்தது. அதை எழுதும்போது நினைக்கவில்லை.

#16 ராயப்பேட்டை சாக்கியன் · திங்கள், இரவு 10:25

தங்கச்சி, நீங்கள் எழுதியதும் உண்மைதான். ஒன்று இன்னொன்றைக் குறைக்காது.

#17 பெரம்பூர்க்காரி · வியாழன், இரவு 9:50

எல்லோருக்கும் நன்றி. ஒவ்வொன்றையும் மகளுக்குப் படித்துக் காட்டினேன். வடபழநி டீக்கடையில் நிற்கிற அப்பாவை அவளுக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. மணிமேகலை ஏன் ஆண் வேஷம் போட்டாள் என்பதற்கு என்னிடம் அரை மணி நேரம் வாதம்.

படிவத்தைக் காலியாகவே கொடுத்தோம். அலுவலகத்தில் ஒருவர் "சிஸ்டம் ஏத்துக்காதும்மா" என்றார். வக்கீல் ஐயா சொன்னபடி நகலை நீட்டினேன். உள்ளே போய் வந்து வாங்கிக்கொண்டார்.

மண்ணடி அண்ணன் எழுதியதைப் படித்த இரவுதான் எனக்கு என் பதில் ஞாபகம் வந்தது. அவர் அந்தப் பெருநாள் காலையைச் சொல்லியிருக்காவிட்டால் அது உள்ளேயே கிடந்திருக்கும்.

கல்யாணம் ஆன பிறகு இரண்டு வருடம் நான் கோயிலுக்கே போகவில்லை. புகுந்த வீட்டில் யாரும் தடுக்கவில்லை. எங்கள் பங்கில், அதாவது எங்கள் கோயிலைச் சேர்ந்தவர்களில், சிலர் பேசிய பேச்சு வலித்தது, அதனால் விட்டேன். அப்பாவும் அப்போது உயிரோடு இல்லை. போகச் சொல்லவும் ஆளில்லை, போகாதே என்று சொல்லவும் ஆளில்லை. ஒரு செவ்வாய்க்கிழமை, வேலை முடிந்து மின்சார ரயிலில் வந்து பெரம்பூரில் இறங்கினேன். விசேஷம் ஒன்றும் கிடையாது. வீட்டில் பிரச்சினை இல்லை, நோய் இல்லை, வேண்டுதல் இல்லை. கால் லூர்து மாதா கோயில் பக்கம் திரும்பியது. உள்ளே நான்கைந்து பேர்தான். இருபது நிமிடம் உட்கார்ந்தேன். செபமாலை கையில் இல்லை, விரலில் எண்ணினேன். பிறகு வெளியே வந்து கீரை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனேன். யாரிடமும் சொல்லவில்லை. யாரும் கூட்டிப் போகாமல், யாரும் பார்க்காமல் நான் போன முதல் நாள் அது.

இதை மகளிடம் சொன்னேன். "அன்னைக்கா முடிவு பண்ணே?" என்றாள். ஆமாம் என்றேன். எங்கே உட்கார்ந்தாய் என்று கேட்டாள். இடது பக்கம், கடைசியிலிருந்து மூன்றாவது பெஞ்சு. சொல்லும்போதுதான் எனக்கே உறைத்தது. அது அப்பா எப்போதும் உட்காருகிற பெஞ்சு. அதையும் அவளிடம் மறைக்கவில்லை.

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். பிறகு, ஒரு செவ்வாய் லூர்து மாதா கோயிலுக்கும் ஒரு செவ்வாய் ஆயா கோயிலுக்கும் தான் மட்டும் தனியாகப் போய் உட்கார்ந்துவிட்டு வரலாமா என்று கேட்டாள். போகிற வழியில் பெரிய சாலை, பஸ், லாரி எல்லாம் உண்டு. தனியாக வேண்டாம், வாசல் வரை வருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.